வைதேகி மாமியிடம் யாரும் கேட்கவில்லை

நான் தலையை இரண்டு பின்னலாகப் பின்னிக்கொண்டிருந்தபோதுதான் வைதேகி மாமி அதைக் கேட்டார்.

மறுநாள் காலை அவருக்கு ஆபரேஷன். ஆபரேஷனுக்குப் போகிற பெண்களுக்கு முந்தின நாள் சாயங்காலமே தலையைச் சீவி, இரண்டு பின்னல் போட்டு, நுனியைக் கட்டுத்துணியால் முடிந்துவிட வேண்டும் என்பது எங்கள் வார்டு வழக்கம். மாமிக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. உடம்பில் ரத்தமே இல்லை, உதடு வெளுத்திருந்தது, நகம் வெளுத்திருந்தது. அந்த முடி மட்டும் ஈரத்துணி மாதிரி கனத்தது. வார்டு முழுக்கத் தரை துடைக்கிற லைசால் மருந்தின் நெடி. குனிந்தபோது மாமியின் தலையிலிருந்து சீயக்காய் வாசனை வந்தது.

ஒரு பக்கம் பின்னி முடித்து அடுத்த பக்கத்தைக் கையில் எடுத்தேன்.

"லூர்து, ஒண்ணு கேக்கறேன். இந்தக் கட்டியை எடுத்தப்புறம் எத்தனை மாசம் கழிச்சுக் கொழந்தை உண்டாகலாம்? டாக்டர் உங்கிட்ட ஏதாவது சொல்லியிருப்பாளே?"

சீப்பு பாதி முடியில் நின்றது.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. நர்ஸ் படிப்பை முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. திருச்சியில் பெண்களுக்கென்று நடந்த ஒரு மருத்துவமனையில் வேலை. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பெயரைப் போட்டால் படிக்கிறவர்களுக்கு அப்படி ஓர் எண்ணம் வந்துவிடும்.

தலைக்கு மேலே பேச்சு

வைதேகி மாமிக்கு ஸ்ரீரங்கம். சித்திரை வீதியில் வீடு. மாமி என்று எல்லோரும் கூப்பிட்டோமே தவிர வயது முப்பதுதான் இருக்கும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை. மாதாமாதம் நாள் கணக்கில் ரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஒருநாள் கோயில் பிராகாரத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் அழைத்து வந்தார்கள்.

எங்கள் பெரிய டாக்டரம்மா பரிசோதித்துப் பார்த்துவிட்டு, மாமியின் கணவர் சேஷாத்ரியையும் மாமியாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கேஸ் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். கர்ப்பப்பை முழுக்கக் கட்டிகள், அதையே எடுத்துவிட வேண்டும், வேறு வழியில்லை என்றார் டாக்டரம்மா.

சேஷாத்ரி தரையைப் பார்த்தபடி, "அவகிட்ட சொல்ல வேண்டாம் டாக்டர்" என்றார்.

மாமியாரும் கும்பிட்டார். "சொன்னா ஆபரேஷனே வேண்டாம்னுடுவா. தினம் தாயார் சன்னதியில போய் வேண்டிண்டு வரா. கட்டியை எடுக்கறதா மட்டும் அவளுக்குத் தெரிஞ்சா போறும்."

டாக்டரம்மா சரி என்றார். சேஷாத்ரி கையெழுத்துப் போட்டார்.

அதிலிருந்து எட்டு நாள், மாமிக்கு ரத்தம் ஊறுவதற்காகத் தினமும் ஊசி போட்டேன். காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது டாக்டரம்மா, சின்ன டாக்டர், மேட்ரன், ஹெட் நர்ஸ், நான் என்று ஐந்து பேர் அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்போம். ஐந்து பேரும் இங்கிலீஷில் பேசிக்கொள்வோம். மாமி படுத்தபடியே ஒவ்வொருவர் வாயாகப் பார்ப்பார். யார் பேசுகிறார்களோ அந்த வாய். கடைசியில் டாக்டரம்மா குனிந்து கன்னத்தைத் தட்டி, "எல்லாம் சரியாப் போயிடும்மா" என்பார். மாமி கும்பிடுவார்.

இதை எழுதும்போது அண்மையில் நடந்த ஒன்று ஞாபகம் வருகிறது. என் தம்பி மகள் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். மாணவிகளோடு பேச வாருங்கள் என்று என்னைக் கூட்டிப் போனாள். போர்டில் 'நோயாளியை மையமாக வைத்த பராமரிப்பு' என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் என்ன என்று அந்தப் பெண்களைக் கேட்டேன். ஒருத்தி, "அன்பாப் பேசறது மேடம்" என்றாள். இன்னொருத்தி, "நேரத்துக்கு மருந்து குடுக்கறது" என்றாள். பின் வரிசையில் ஒரு பெண், "அவங்க சொந்தக்காரங்களை நல்லா நடத்தறது" என்றாள்.

எங்கள் காலத்தில் அப்படியொரு வார்த்தை கிடையாது. ஆனால் எங்களைக் கேட்டிருந்தால் நாங்களும் ஆளுக்கொன்று சொல்லியிருப்போம். டாக்டரம்மாவுக்கு உயிர்தான் முக்கியம். உயிர் தங்கினால் மற்றது தானே வரும் என்பார். மேட்ரனுக்கு விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. செல்லம்மா என்று ஓர் ஆயா இருந்தாள். அவள் எந்தக் கட்டிலில் அழுகைச் சத்தம் கேட்டாலும் துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வாள், ஒன்றும் பேச மாட்டாள். நான் ஊசியை வலிக்காமல் போடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

நோயாளிதான் முக்கியம் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். மாமியிடம் பேச வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சொல்லிவிட்டேன்

"சொல்லேன், லூர்து" என்றார் மாமி. "ஒரு வருஷம் ஆகுமோ?"

"மாமி, கட்டியை மட்டும் எடுக்கலை" என்றேன்.

"பின்னே?"

"கர்ப்பப்பையையே எடுத்துடப் போறாங்க."

மாமி திரும்பவில்லை. எனக்கு அவருடைய பின்கழுத்து மட்டும்தான் தெரிந்தது.

"அவருக்குத் தெரியுமோ?"

"தெரியும். கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"மாமியாருக்கு?"

"தெரியும் மாமி."

"உனக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"எட்டு நாளா."

"எட்டு நாளா வந்து ஊசி போட்டுண்டிருக்கே" என்றார். அதில் கோபம் இல்லை. கணக்குச் சரிபார்க்கிற குரல். பிறகு சொன்னார்: "அந்தப் பக்கத்தையும் பின்னிடு. பாதியில நிறுத்தாதே."

பின்னினேன். இரண்டாவது பின்னல் கோணலாக வந்தது. நுனியை முடிந்ததும் மாமி எழுந்து, மருத்துவமனைச் சேலையைக் களைந்து மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுத் தன் புடவையைக் கட்டிக்கொண்டார். செல்லம்மாவை அனுப்பி ஒரு ஜட்கா வண்டி கொண்டுவரச் சொன்னார். சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். சின்ன டாக்டர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். மாமி அவர் வாயைப் பார்க்கவே இல்லை.

வெளிச்சம் இருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது. நான் கோணல் பின்னலோடு அவர் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூட்டிய வீடு

என் அம்மாவைப் பற்றி இந்தத் தொடரின் தொடக்கத்தில் கொஞ்சம் எழுதியிருந்தேன். ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன்.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். எனக்குப் பதின்மூன்று வயதாகும்போது ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்தால் அம்மா வீட்டில் இல்லை. மன்னார்புரத்தில் பெரியம்மா வீட்டுக்கு ஓய்வெடுக்கப் போயிருக்கிறாள் என்றார் அப்பா. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் மன்னார்புரத்துக்கு நடந்தே போனேன். பெரியம்மா வீடு பூட்டியிருந்தது. பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மா ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாக இருந்திருக்கிறார். அதற்கு நாலு நாள் கழித்து அம்மாவின் உடலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்லலை" என்று எல்லோரும் சொன்னார்கள்.

அதனால்தான் மாமியிடம் உண்மையைச் சொன்னேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது நிஜமில்லை. பின்னிக்கொண்டிருந்தபோது எனக்கு அம்மா நினைவே வரவில்லை. மாமி கேட்டார், எனக்குப் பொய் வாயில் வரவில்லை. அவ்வளவுதான். பூட்டிய வீட்டின் ஞாபகம் அதற்குப் பிறகு தனியாக இருந்த நாட்களில்தான் வந்தது.

ஊசி தீட்டும் அறை

டாக்டரம்மா என்மேல் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"உண்மையைச் சொல்லிட்டோம்னு உனக்கு நிம்மதியா இருக்கும்" என்றார். "அடுத்த தடவை ரத்தம் போனா அந்தப் பொண்ணு தாங்க மாட்டா. அப்ப உன் உண்மையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? சொல்லு."

இன்றைக்குக் கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிட முடியும் என்று தோன்றவில்லை.

ஒரு மாதம் நோயாளிகள் பக்கம் போகக் கூடாது என்றார் மேட்ரன். வார்டின் கோடியில் இருந்த சின்ன அறையில் போட்டார்கள். ஊசி மருந்துக் குழாய்களைக் கொதிக்க வைப்பது, ஊசி முனைகளைக் கல்லில் தீட்டுவது, கழுவிய ரப்பர் கையுறைகளுக்குப் பவுடர் போட்டு உள்ளே காற்று ஊதி ஓட்டை பார்ப்பது. நாள் முழுக்க ஆவி. சாயங்காலம் வெளியே வரும்போது விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிருக்கும்.

ஹாஸ்டலில் யாரும் என்னோடு சண்டை போடவில்லை. நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். பக்கத்துக் கட்டில் மேரி என்னோடு படித்தவள். வெந்நீர் எடுக்கப் போகும்போது என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போவாள். அந்த வாரம் அவள் தனியாகப் போய்விட்டு வந்தாள். "நீ சொன்னது தப்புன்னு சொல்லலை, லூர்து. ஆனா உன்னால எங்க எல்லாரையும் சந்தேகமா பாக்கறாங்க" என்று ஒருநாள் மட்டும் சொன்னாள். அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு.

கேஸ் ஷீட்டில் மாமியின் மாதவிலக்குத் தேதியைப் பார்த்திருந்தேன். ஊசியைத் தீட்டிக்கொண்டே நாளை எண்ணுவேன். இன்னும் பதினாறு நாள். இன்னும் பதினைந்து. அந்தத் தேதி வந்துவிட்டால் மாமி எங்கேயோ ஓர் அறையில் வெளுத்துப்போய்க் கிடப்பார், அதற்குக் காரணம் நான் என்று நினைப்பேன். அதைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஆள் இல்லை. ஜெபம் செய்யலாம் என்றால் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

காவிரிக்கு அந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஹாஸ்டலுக்குப் போகாமல் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது.

சித்திரை வீதியில் ஒரு பூக்காரம்மாவிடம் சேஷாத்ரி பெயரைச் சொன்னதும் வீட்டைக் காட்டினார். வாசலில் பெரிய கோலம். படியில் கால் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தெருவிலேயே நின்றேன். கழுத்துச் சிலுவையை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. ஏன் அப்படிச் செய்தேன் என்று திரும்பும்போது வெட்கமாக இருந்தது.

சேஷாத்ரி என்னைப் பார்த்துவிட்டு வேகமாக இறங்கி வந்தார். தெருக்கோடி வரை கூட்டிப்போய்த்தான் பேசினார்.

"உள்ள கூப்பிட முடியலை, தப்பா நினைச்சுக்காதீங்கோ."

"பரவாயில்லைங்க. மாமி எப்படி இருக்காங்க?"

"எழுந்துக்கறா, சமைக்கறா, கோயிலுக்குப் போறா. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. அம்மாகிட்டயும் பேசலை." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முதல் ரெண்டு நாள் உங்க மேல எனக்கு ரொம்பக் கோவம். அப்புறம் யோசிச்சேன். சொல்ல வேண்டியவன் நான்தானே? பன்னண்டு வருஷத்துல அவகிட்ட உக்காந்து எதையும் நேராப் பேசினதில்லை. ஆத்துல எல்லாம் அம்மா மூலமாத்தான்."

"சார், நாள் அதிகம் இல்லைங்க. அடுத்த மாசத்துக்குள்ள வந்தாகணும்."

"நான் வான்னு சொன்னா வர மாட்டா."

"வான்னு சொல்ல வேண்டாம். என்ன பண்ணலாம்னு அவங்களையே கேட்டுப் பாருங்க."

இதை நான் ஏதோ தெரிந்துகொண்டு சொல்லவில்லை. வேறு ஒன்றும் தோன்றாததால் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மாமியை நான் பார்க்கவில்லை. திரும்பும்போது பஸ் ஏறப் பிடிக்காமல் பாலத்தில் நடந்தே வந்தேன். காவிரியில் தண்ணீர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. நடு மணலில் ஒருத்தி துணிகளைப் பரப்பிக் காய வைத்துக்கொண்டிருந்தாள். பாலம் முடிகிறவரை அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா உட்கார்ந்தார்

அடுத்த வியாழனோ வெள்ளியோ, செல்லம்மா ஓடி வந்து ஆவி அறைக் கதவைத் தட்டினாள்.

"ஸ்ரீரங்கத்தம்மா வந்திருக்காங்க. பெரிய டாக்டரம்மா உன்னையும் கூப்பிடறாங்க."

மாமி டாக்டரம்மாவின் அறையில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் சேஷாத்ரி. மாமியார் வரவில்லை.

"நீங்க எங்கிட்ட சொல்லணும் டாக்டர்" என்றார் மாமி. "அவர்கிட்ட சொன்னதை அப்படியே எங்கிட்ட சொல்லணும். தமிழ்ல."

டாக்டரம்மா நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, மாமியை உட்கார வைத்து, தானும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். நோயாளிக்கு முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையை மடக்கிக் காட்டி, கட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று சொன்னார்.

"எடுக்காம விட்டா?"

"ரத்தம் போயிட்டே இருக்கும். ஒரு நாள் நிறுத்த முடியாமப் போயிடும்."

"கட்டியை மட்டும் எடுத்துட்டு மத்ததை விட முடியாதோ?"

"திறந்து பாத்து, முடிஞ்சா விட்டுடறேன். ஆனா முடியும்னு எனக்குத் தோணலைம்மா."

மாமி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தோணலைன்னு சொன்னேளே, அது போறும்" என்றார். கணவர் கையெழுத்துப் போட்ட பழைய காகிதத்தைக் கிழிக்கச் சொல்லி, புதிய காகிதத்தில் தானே முழுப் பெயரையும் எழுதினார். சேஷாத்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எழுந்தபோதுதான் மாமி என்னைப் பார்த்தார்.

"இன்னொண்ணு டாக்டர். இந்தப் பொண்ணு எனக்கு ஊசி போட வேண்டாம், கட்டு மாத்த வேண்டாம். வேற யாராவது வரட்டும். அவ மேல தப்பில்லை. அவதான் நிஜத்தைச் சொன்னா. ஆனா அவ முகத்தைப் பாத்தா எனக்கு அந்தச் சாயங்காலம் திரும்ப வரது."

"சரிங்க மாமி" என்றேன். ஆவி அறைக்குப் போய், அடுப்பை ஏற்றி, அழுதேன்.

சுவர்ப் பக்கத்துக் கட்டில்

மாமி பிழைத்துக்கொண்டார். சேஷாத்ரியும் மாமியின் தம்பியும் ரத்தம் கொடுத்தார்கள். கர்ப்பப்பையைக் காப்பாற்ற முடியவில்லை. டாக்டரம்மா மறுநாள் தானே போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொன்னார். தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பும்வரை எல்லாவற்றையும் மேரிதான் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குப் போன பிறகு மாமியை நான் சந்திக்கவில்லை.

ஒரு மாதம் முடிவதற்கு முன்பே என்னை வார்டுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள், மாமியின் கட்டில் தவிர மற்றவற்றுக்கு. காலியாக இருந்தது ஒரே கட்டில் என்பதால் மாமியைச் சுவர் ஓரமாகப் போட்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பிரசவ வார்டு. பகல் முழுக்கக் குழந்தைகளின் அழுகை கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த நிலைமையில் மாமிக்கு இதைவிடக் கொடுமை உண்டா என்று எனக்குத் துடித்தது. பக்கத்தில் போக முடியாத நான் இதையாவது செய்யலாம் என்று நினைத்தேன். ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் மத்தியானம் மாமி ஊசி மயக்கத்தில் தூங்கும்போது, செல்லம்மாவும் நானும் கட்டிலைச் சத்தமில்லாமல் தள்ளி, மறு கோடியில் ஜன்னல் ஓரத்தில் விட்டோம்.

நாலு மணிக்கு மேரி வந்தாள். "மாமி உன்னைக் கூப்பிடறாங்க. உன்னைத்தான்."

போனேன்.

"கட்டிலை யார் நகர்த்தினா?"

"நான்தான் மாமி. அங்க கொழந்தைங்க சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துது. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"என்னைக் கேட்டியோ?"

நான் கட்டிலின் கம்பியிலிருந்து கையை எடுத்தேன்.

"நீயுமா, லூர்து?" என்றார் மாமி. களைத்த குரல். "பன்னண்டு வருஷமா அந்தச் சத்தத்துக்குத்தான் தவம் கிடந்தேன். என் கொழந்தையா இல்லாட்டா என்ன? நன்னா இருந்தது, கேட்டுண்டு படுத்திருந்தேன்."

செல்லம்மா அப்போது வார்டில் இல்லை. தனியாகவே கட்டிலைத் தள்ளினேன். தையல் அதிராமல் இருக்க அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டியிருந்தது. சுவர் ஓரம் வந்து சேர்ந்தபோது எனக்கு வேர்த்துக் கொட்டியது. மாமி கண்ணை மூடிக்கொண்டார். என்னைப் போகச் சொல்லவில்லை. நின்றேன்.

அந்தப் பக்கம் புதிதாக ஓர் அழுகை கிளம்பியது. சின்னது, நடுங்குகிற குரல்.

"இப்பப் பொறந்ததோ?"

"ஆமாங்க மாமி. இப்பத்தான்."

"பொண்ணா, பிள்ளையா?"

"தெரியலைங்க." போக ஓர் அடி எடுத்து வைத்தவள் நின்றேன். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லட்டுமா?"

மாமி கண்ணைத் திறந்தார்.

"வேண்டாம்" என்றார். "எனக்குத் தெரிய வேண்டாம்."

நான் போய்ப் பார்க்கவில்லை.